தோட்டத் தமிழரும் எஃகுக் கத்தியும்

பேராக் மாநிலத்தின் பழைய இரப்பர்த் தோட்டங்களில் கோயில் இல்லாத தோட்டம் அரிது. லயங்களுக்கு அருகே மாரியம்மனோ காளியம்மனோ வீற்றிருக்க, எல்லையில் ஒரு பெருமரத்தடியில் முனீசுவரர் காவல் புரிவார். அவர் சந்நிதியில், முனையில் எலுமிச்சம்பழம் குத்தப்பெற்று, திருநீறும் குங்குமமும் துலங்க ஊன்றி நிற்கும் நெடிய அரிவாளைக் கைகூப்பி வணங்காத அடியார் இலர். ஆயினும், அந்த அரிவாள் எந்த இரும்பிலிருந்து வந்தது, அதைக் காய்ச்சி அடித்தவர் கையாண்ட முறை என்ன, எதைக் கொண்டு அது தீட்டப்பட்டது என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. அவ்வினாக்களைப் பின்தொடர்ந்து செல்பவர், முனீசுவரரின் அரிவாளுக்குப் பக்கத்திலேயே மற்றொரு சிறு கத்தியையும் காண்பார். அதுவே பால்வெட்டுக் கத்தி. ஒரு கைக்குள் அடங்கும் அக்கத்தியின் கூர்மையில்தான் பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்களின் அன்றாட அரிசி அடங்கியிருந்தது.

உருக்கு பிறந்த மண்

இரும்பை உருக்கி எஃகாக்கும் கலை தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. கொல்லனின் உலைக்களத்தையும் துருத்தியையும் சங்கப் புலவர்கள் உவமையாக எடுத்தாளும் அளவிற்கு அவை ஊரறிந்த காட்சிகளாக இருந்தன. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் நடைபெற்ற அகழாய்வுகள், இரும்பை உருக்கிய உலைகளின் எச்சங்களை வெளிக்கொணர்ந்தன. 2025ஆம் ஆண்டு சனவரியில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட ஆய்வு, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பின் பயன்பாடு கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை பின்செல்வதாகக் கூறுகிறது. இக்கால வரையறை குறித்து அறிஞரிடையே விவாதம் நடைபெறுகிறது. எனினும் தென்னாட்டு இரும்பின் தொன்மையை மறுப்பார் இலர்.

மேலை நாட்டார் 'ஊட்சு' என்று அழைத்த எஃகு, தென்னிந்தியாவில் சிறு மண்குகைகளில் ஆக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இம்முறையைக் கண்டு எழுதி வைத்தார். தேனிரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரம் மரச் சிம்புகளைக் குகையில் இட்டு, எருக்கின் இலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட குகைகளை ஓர் உலையில் அடுக்கி, ஆட்டுத்தோல் துருத்தியால் ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் ஊதுவார்கள். ஆவாரமும் எருக்கும் அங்கே மந்திரப் பொருள்கள் அல்ல. காற்றுப் புகாத குகைக்குள் அவை கரியாகி, அக்கரி இரும்பில் ஏறி, மென்மையான இரும்பு கடிய எஃகாக மாறியது. இந்த எஃகின் இரகசியத்தை அறிய 1819ஆம் ஆண்டு முதல் இலண்டனில் ஆராய்ச்சி நடத்தியவர், பின்னர் மின்னியலில் உலகப் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே. அவர் ஒரு கொல்லரின் மகன் என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

எஃகுக்கு ஏற்ற தீட்டுப் பொருளும் தமிழகத்திலேயே கிடைத்தது. சேலம் வட்டாரத்தில் கிடைத்த குருந்தக்கல், வைரத்திற்கு அடுத்த நிலையில் வைத்தெண்ணத்தக்க கடினம் உடையது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'கொரண்டம்' என்னும் பெயரும் தமிழ்க் குருந்தத்திலிருந்து சென்றதே. குருந்தத்தைப் பொடியாக்கி, உருகிய அரக்கில் குழைத்து வட்டமாக வார்த்தெடுத்தால் அதுவே சாணைச் சக்கரம். அரக்கு தேயத் தேயப் புதிய குருந்தத் துகள்கள் வெளிப்படுவதால் சக்கரம் தன் கடுமையை இழப்பதில்லை.

சக்கரம் வாங்க வசதியற்ற பனையேறிகள் வேறு வழி கண்டனர். வெள்ளைக் கல்லை இடித்துப் பொடியாக்கி, மரப்பலகையின்மேல் தூவி, அதன்மேல் பாளை அரிவாளைத் தேய்த்துக் கூர் ஏற்றினர். தீட்டுப்பலகை என்பது இதுவே. பனையின் பாளையை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவினால்தான் பதநீர் தொடர்ந்து சுரக்கும். சீவல் தடித்தால் பாளை விரைவில் தீரும். கத்தி மழுங்கினால் பாளை நசுங்கிச் சுரப்பு அடைபடும். கடல் கடந்து மலாயா வந்த தமிழருக்கு இரப்பர் மரம் புதியதாக இருக்கலாம். மரத்தை நோகாமல் சீவி அதன் சாற்றைப் பெறும் அறிவு அவர்தம் நாட்டில் பன்னெடுங்காலமாக இருந்து வந்த ஒன்றாகும்.

பேராக் மண்ணில் இரும்பு

தமிழர் வந்து சேர்ந்த பேராக்கும் இரும்பறியாத நாடன்று. இம்மாநிலத்தின் தென்பகுதியில், சுங்கை, சிலிம், பெர்ணம் பள்ளத்தாக்குப் பகுதிகளில் காணப்பட்ட கற்பலகைக் கல்லறைகளோடு தொடர்புடையவையாகப் பழங்கால இரும்புக் கருவிகள் கிடைத்துள்ளன. மலாய் மக்கள் அவற்றை 'துலாங் மாவாஸ்', அதாவது மாவாஸின் எலும்பு என்று அழைத்தனர். வடக்கே, தமிழ் இலக்கியமும் கல்வெட்டும் கடாரம் என்று போற்றும் கெடாவின் சுங்கை பத்து என்னுமிடத்தில் 2009ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வுகள் ஒரு பெரிய இரும்பு உருக்குக் களத்தையே காட்டின. துருத்தியிலிருந்து உலைக்குக் காற்றைக் கொண்டு செல்லும் சுடுமண் குழல்கள் அங்குக் குவியல் குவியலாகக் கிடைத்தன.

மலாய்க் கொல்லர் கிரிஸையும் பாராங்கையும் வடிப்பதில் வல்லவர்கள். கிரிஸின் அலகை எலுமிச்சைச் சாற்றால் துலக்கிப் பாடாணம் பூசி அதன் வரிகளை வெளிக்கொணரும் முறை அவர்களுடையது. பேராக் அரசமரபின் அரசுச் சின்னங்களுள் ஒன்றாகிய 'சூரா சி மஞ்சாக்கினி' என்னும் வாளின் பெயரில் உள்ள முதற்சொல், கத்தியைக் குறிக்கும் வடசொல்லோடு தொடர்புடையது என்று ஆய்வாளர் கருதுவர். தமிழில் வழங்கும் சுரிகை என்னும் சொல்லும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததாகும்.

பால்மரம் வந்த பின்

1877ஆம் ஆண்டில் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 இரப்பர் நாற்றுகளுள் ஒன்பது, பேராக்கின் குவாலா கங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சிய ஒரு மரம் அந்நகரின் மாவட்ட அலுவலகத்திற்கு அருகே வேலியிடப்பட்டுப் பாதுகாக்கப்படுகிறது. மரம் வந்தது. ஆனால் அதிலிருந்து பாலை எடுக்கும் முறை வரவில்லை. பிரேசில் நாட்டுக் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தனர். அம்முறையில் கட்டை காயப்பட்டு, மரம் முடிச்சு முடிச்சாகப் புடைத்து விரைவில் பாழாகும்.

1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, பல ஆண்டுச் சோதனைகளின் பயனாக ஒன்றைக் கண்டறிந்தார். மரத்தைக் கொத்த வேண்டியதில்லை. பட்டையில் ஒரு சாய்ந்த கோடு இட்டு, அதன் கீழ் விளிம்பை ஒவ்வொரு முறையும் மெல்லியதாகச் சீவினாலே போதும். பால் மீண்டும் மீண்டும் வரும். பாளை சீவும் பனையேறிக்கு இது வியப்பாக இருந்திருக்காது! உலகின் மோட்டார் வண்டிச் சக்கரங்கள் அனைத்தும் இந்த ஒரு சீவலை நம்பி உருளத் தொடங்கின.

சீவலுக்கு ஏற்ற கத்தி எது என்பதே அடுத்த வினா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலும் மலாயாவிலும் வகைவகையான கத்திகள் உருவாயின. 1906இல் இலங்கையின் பேராதனையில் நடைபெற்ற இரப்பர்க் கண்காட்சியில் அவை காட்சிக்கும் வைக்கப்பட்டன. இறுதியில் மலாயாவில் நிலைத்தவை இரண்டு. ஒன்று, தச்சர் உளியைப் போல முன்னோக்கித் தள்ளிச் சீவுவது. மற்றொன்று, நுனியில் மடங்கிய வளைவுடையதாய்த் தன்பக்கம் இழுத்துச் சீவப்படும் 'ஜெபோங்' கத்தி. தைப்பிங்கை அடுத்த ஒரு முக்கிமின் பெயரும் ஜெபோங் என்பதே.

கூர்மையும் கூலியும்

இரப்பர் மரத்தின் பட்டை ஒரு சென்டிமீட்டர் தடிப்புக்கூட இல்லாதது. அதனுள் பால்குழாய்கள் பெரும்பாலும் உட்புறத்தை ஒட்டியே செறிந்துள்ளன. அவற்றிற்கும் உள்ளே, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், மரத்தை வளர்க்கும் மெல்லிய திசு இருக்கிறது. கத்தி அத்திசுவைத் தீண்டலாகாது. அதற்கு மேல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்ப் பட்டையை விட்டுவைக்க வேண்டும். அதைவிட மிகுதியாக விட்டாலோ பால்குழாய்கள் வெட்டுப்படா, பால் குறையும். ஒரு மில்லிமீட்டருக்குள் ஆழத்தைக் காக்கும் இவ்வேலை, கதிரவன் எழுமுன் நெற்றி விளக்கின் ஒளியில், கொசுக்கடிக்கு நடுவே, ஒரு நாளில் நானூறு ஐந்நூறு மரங்களில் நடைபெற்றது. விடியுமுன் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் சுருங்கும்.

கோடு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் முப்பது பாகைச் சாய்வில் அமைவதும் காரணத்தோடுதான். பால்குழாய்கள் நேராக நில்லாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், இவ்வாறு வெட்டினால் மிகுதியான குழாய்கள் திறக்கும். பால்குழாய் எப்பக்கம் சாய்ந்துள்ளது என்று தாவர நூல் படித்து அறிந்தவர்கள் அல்லர் தோட்டத்துத் தாய்மார்கள். அவர்தம் கையும் கண்ணும் அறிந்திருந்தன.

மழுங்கிய கத்தி இவை எல்லாவற்றையும் கெடுக்கும். கூரிய கத்தி ஒன்றரை மில்லிமீட்டர்ப் பட்டையைச் சீவும் இடத்தில், மழுங்கிய கத்தி அதற்கு இருமடங்கைக் கிழித்தெடுக்கும். குழாய்களின் வாய் நசுங்கி அடைபடும். கை அழுத்தம் கூடி, அழுத்திய கை வழுக்கி, கட்டையில் காயம் விழும். அக்காயம் ஆறும்போது புடைப்பாக எழும். சீவிய இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து மீண்டும் வெட்டுக்கு வர ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். புடைத்த இடத்திலோ அடுத்த சுற்றில் ஒழுங்காகக் கோடு இடவே இயலாது. ஆகவே ஒரு தாயின் கத்தி இன்று மழுங்கியிருந்தால், அதன் விளைவை அவள் மகன் அந்த நிரைக்கு வரும் நாளிலும் காண நேரும். கங்காணியும் கிராணியும் காயத்தை எண்ணிப் பார்த்துக் கடிந்ததும், கொண்டு சென்ற பாலின் அளவுக்கேற்பக் கூலி கணக்கிடப்பட்டதும் சேர்ந்து, கூர்மை என்பதை உயிர்ப் பிரச்சினை ஆக்கின. அக்கூர்மையை ஏற்றுவதற்குச் செலவிட்ட நேரத்துக்கோ கூலி கிடையாது. மாலையில் லயத்து வாசற்படியில், அடுப்பு எரியும் நேரத்தில், தண்ணீர்ச் சிரட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீட்டியே தீரவேண்டும்.

பால்வெட்டுக் கத்தியைத் தீட்டுவது அரிவாளைத் தீட்டுவது போன்றதன்று. அரிவாளின் அலகு எந்தக் கல்லிலும் உட்காரும். மடங்கிய நுனியின் உட்குழிவுக்குள் தட்டைக் கல் நுழையாது. அதற்கு விளிம்பு மெலிந்த கல் வேண்டும். அத்தகைய கல் உடைந்துவிட்டால், மற்றொரு கல்லைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்து அவ்வடிவுக்குக் கொண்டுவரலாம். கத்திக்காகக் கல்லைத் தீட்டுவது என்பது கேட்பவர்க்கு விந்தையே. கூர் ஏறிய பின் விளிம்பில் நிற்கும் நுண்ணிய பிசிரைத் தோல்வாரிலோ உள்ளங்கையிலோ இழுத்து நீக்கினால்தான் கத்தி பட்டையில் வழுக்கிச் செல்லும். சமையலறைக் கத்திக்கு இத்தனை வேண்டுவதில்லை. சீனக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் அடியில் மெருகு படாத வளையத்தில் நாலு முறை இழுத்தால் தக்காளியை அறுக்கும் கூர் வந்துவிடும். சுட்ட களிமண் எஃகைவிடக் கடினமானது என்பதே அதன் சூட்சுமம்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. தமிழகத்துச் சாணைக்குப் பெயர் தந்த அதே குருந்தம் கிந்தா பள்ளத்தாக்கிலும் கிடந்தது. ஈப்போவைச் சூழ்ந்த ஈயச் சுரங்கங்களில் கிடைத்த குருந்தப் பாறைகளைப் பற்றி, கூட்டரசு மலாய் மாநிலங்களின் நிலவியலாளராக இருந்த ஸ்கிரிவனர் 1910இல் எழுதினார். ஈயத்தைத் தேடி மண்ணைக் கழுவியவர்களுக்கு அது வேண்டாத கல்.

பழைய இரும்பில் புதிய கத்தி

ஆலையில் செய்த கத்தியும் நாள்தோறும் தீட்டப்பட்டால் தேய்ந்து தீரும். புதியது வாங்கப் பணமும், வாங்கும் கடையும் கைக்கெட்டாத தொலைவில் இருந்தபோது, பழைய இரும்பே கைகொடுத்தது. எல்லா இரும்பும் கத்தியாகாது என்பதை அறிவதே இத்தொழிலின் முதற்பாடம். வேலிக் கம்பியையும் கட்டுமானக் கம்பியையும் எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் அவை கடினமாகா. அவற்றில் கரியின் அளவு மிகக் குறைவு. லாரியின் ஸ்பிரிங் தகட்டில் நூற்றுக்கு அரைப் பங்கு அளவிலும், பழைய அரத்தில் ஒரு பங்குக்கும் மேலாகவும் கரி உண்டு. சாணையில் வைத்தால் மென்னிரும்பு நீண்ட, கிளைக்காத பொறியைச் சிந்தும். கரி மிகுந்த எஃகு பூப்போல வெடித்துச் சிதறும் பொறியைச் சிந்தும். அப்பொறியைக் கண்டே கைதேர்ந்தவர் இரும்பின் குணத்தைச் சொல்லிவிடுவார். குகையில் ஆவாரமும் எருக்கும் இட்டுத் தென்னாட்டுக் கொல்லர் உண்டாக்கிய எஃகின் உறவினரே பட்டறை மூலையில் துருப்பிடித்துக் கிடந்த அரம்.

அரத்தைக் கத்தியாக்குவதற்கு முன் அதன் கடுமையைப் போக்க வேண்டும். செந்தழலில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து ஓர் இரவு விட்டுவிட்டால் மெல்ல ஆறி இளகும். பின்னரே அதை அடித்து மடிக்க இயலும். பட்டறைக் கல்லாக ஒரு துண்டு இரயில் தண்டவாளமே போதும். 1885ஆம் ஆண்டிலேயே தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை இருப்புப் பாதை அமைத்த மாநிலத்தில் தண்டவாளத் துண்டுக்குப் பஞ்சமில்லை. அந்த போர்ட் வெல்ட், இன்று குவாலா செபெத்தாங் என வழங்குவது, பாக்காவு மரக்கரிக்குப் பெயர் பெற்றது. சிரட்டைக் கரியும் பாக்காவுக் கரியும் புகையின்றி மிகுந்த வெப்பம் தருவன. துருத்திக்கு ஆட்டுத்தோல் இல்லாத இடத்தில், இரு பெரு மூங்கில் குழாய்களுக்குள் இறகு கட்டிய தண்டுகளை மாற்றி மாற்றி இறக்கிக் காற்றூதும் முறையும் தென்கிழக்காசியாவில் நெடுங்காலமாக உண்டு.

எல்லாவற்றிலும் அரியது தோய்ச்சல். காய்ச்சிய கத்தி எந்த நிறத்தில் இருக்கும்போது எடுக்க வேண்டும் என்பதில்தான் அதன் தலைவிதி அடங்கியிருக்கிறது. இதற்காகவே கொல்லர் பட்டறையை அரையிருளில் வைப்பர். பட்டப்பகல் வெளிச்சத்தில் செம்மையின் படிகளைக் கண் பிரித்தறியாது. காந்தம் உடையவர்க்கு மற்றொரு வழியும் உண்டு. எஃகு ஏறத்தாழ 770 பாகை வெப்பத்தை எட்டும்போது காந்தத்தில் ஒட்டாது. அதற்குச் சற்றே மேலே தோய்க்கும் தருணம். ஸ்பிரிங் தகட்டைப் பழைய எஞ்சின் எண்ணெயில் தோய்ப்பதே பாதுகாப்பு. தண்ணீரில் தோய்த்தால் சட்டெனக் குளிர்ந்து விரிசல் காணக்கூடும். ஒரு நாள் உழைப்பு 'டிக்' என்னும் ஓர் ஒலியில் வீணாவது இக்கட்டத்தில்தான்.

தோய்த்து எடுத்த கத்தி கண்ணாடியைப் போல் கடினமும் நொறுங்கும் தன்மையும் உடையது. அதை ஒரு பக்கம் தேய்த்துப் பளிச்சென ஆக்கி மீண்டும் மெல்லச் சூடேற்றினால், அதன்மேல் நிறங்கள் ஊரும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, இறுதியில் நீலம். மெல்லிய பட்டையைச் சீவும் கத்திக்கு மஞ்சளிலேயே நிறுத்த வேண்டும். காடழிக்கும் பாராங்குக்கும் கட்டையை ஓங்கி வெட்டும் அரிவாளுக்கும் நீலத்தை நெருங்கவிட வேண்டும். அடி தாங்கும் தன்மை அவற்றிற்கே தேவை. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியில் புகழ்பெற்ற அரிவாள்களுக்கும், மலேசியாவில் பட்டறைகளில் அடிக்கப்படும் பாராங்குகளுக்கும் பெரும்பாலும் மூலப்பொருள் பழைய வாகனங்களின் ஸ்பிரிங் தகடே என்பது, கடலின் இருகரைக் கொல்லரும் ஒரே முடிவுக்கு வந்ததைக் காட்டுகிறது. பாரம் சுமந்து மேடுபள்ளமெல்லாம் ஏறி இறங்கிய லாரியின் தகடு, உலையில் மறுபிறவி எடுத்துக் காவல் தெய்வத்தின் கைக்குரிய அரிவாளாகவும் ஆயிற்று.

தோட்டம் மாறிய காலம்

1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் முன்னின்று, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது இச்சூழலிலேதான். தொழிலாளர் தம் சிறு சேமிப்பால் தோட்டங்களை வாங்கும் முயற்சி அது. பின்னர் இரப்பர் நின்ற இடங்களில் செம்பனை எழுந்தது. செம்பனைக்கும் கத்தி உண்டு. நீண்ட கழியின் நுனியில் வளைந்த அரிவாளும், தாழ்ந்த மரத்திற்கு அகன்ற உளியும் அவை. ஆனால் பட்டையில் மில்லிமீட்டர் அளக்கும் கைக்கு அங்கே வேலை இல்லை. இன்று மலேசியாவின் இரப்பர் பெரும்பாலும் சிறு தோட்டக்காரர்களின் கையில் உள்ளது. தோட்டத் தமிழரின் பிள்ளைகள் ஈப்போவிலும் புந்தோங்கிலும் பிற நகரங்களிலும் வேறு தொழில்களில் இருக்கின்றனர்.

தோட்டத்தோடு கோயிலும் இடம்பெயர நேர்ந்த ஊர்கள் உண்டு. அம்மனின் திருவுருவை எடுத்துச் சென்றோர், முனீசுவரரின் அரிவாளையும் மண்ணிலிருந்து பிடுங்கி உடன் கொண்டு சென்றனர். ஆயுத பூசை நாளில் நகரத்து வீடுகளின் பூசையறையில் புத்தகங்கள், திருப்புளி, கார்ச் சாவி, கணினி ஆகியவற்றோடு பழைய பால்வெட்டுக் கத்தி ஒன்றும் சில வீடுகளில் வைக்கப்படுகிறது. பல்லாண்டு கல்லில் தேய்ந்த கத்தியை எளிதில் இனங்கண்டு கொள்ளலாம். மரப்பிடி கைபட்டு மெருகேறிக் கறுத்திருக்கும். மடங்கிய நுனியின் இரு கன்னங்களும் தேய்ந்து, புதிய கத்தியில் இருப்பதில் பாதியளவே எஞ்சியிருக்கும். துருவேறாமல் இருக்க அதற்குத் தேங்காயெண்ணெய் தடவி, சந்தனமும் குங்குமமும் இட்டு, அடுத்த ஆண்டு வரை துணியில் சுற்றி வைக்கின்றனர்.